மவுத்துக்கு மட்டும் ஓடும் வேன்

எங்கள் கல்லூரி வாசலில் உள்ள பெரிய பலகையில் ஒரு பெண்பிள்ளை புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்பாள். அவள் எங்கள் கல்லூரியில் படித்தவள் இல்லை. இணையத்தில் எங்கிருந்தோ எடுத்த படம். முக்காட்டைப் பிறகு கணினியில் போட்டிருக்கிறார்கள். அது தலையில் ஒட்டாமல் ஒரு விரற்கடை விலகி அந்தரத்தில் நிற்கும். இங்கே படித்திருந்தால் அவள் அப்படிச் சிரித்திருக்க மாட்டாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

படத்துக்குக் கீழே எங்களுக்கு இருக்கிற வசதிகளைப் பச்சை எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். இருபத்துநான்கு மணிநேர மருத்துவ வசதி என்றால் வார்டனின் அறையில் இருக்கும் ஓர் அலுமாரி. அதற்குள் பனடோல் அட்டையும் கோடாலித் தைலமும் கொஞ்சம் பஞ்சும் இருக்கும். அதன் பூட்டுத் திறப்பு வார்டனின் இடுப்பில் இருக்கும். உளவளத்துணை என்றால் ஜவுபர் சேர். யார் எந்தக் கவலையோடு போனாலும், "நல்லாத் தண்ணி குடிங்க, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்பார். போன வருடம் ஒருத்தியின் உம்மாவும் வாப்பாவும் பிரிந்தபோதும் அவளைத் தண்ணீர் குடிக்கத்தான் சொன்னார். வைஃபை உண்டு, அதன் கடவுச்சொல் தலைவருக்கு மட்டும் தெரியும். சத்துணவு என்பது கென்டீன் றாஸிக் காக்காவின் பரிப்புக் கறி. அதைத் தட்டில் ஊற்றினால் தட்டின் அடியில் உள்ள பூ தெரியும்.

நிந்தவூர் எல்லையில், பிரதான வீதியிலிருந்து கடல் பக்கமாக உள்ளே போனால் இந்தக் கல்லூரி வரும். ஓ.எல். பரீட்சை முடித்த பெண்பிள்ளைகளுக்கு இரண்டு வருட டிப்ளோமா. எல்லாரும் விடுதியில்தான் தங்க வேண்டும். வீடு அடுத்த ஒழுங்கையில் இருந்தாலும் தங்க வேண்டும். பிள்ளைகளைப் பூட்டி வைத்தால்தான் பெற்றோருக்கு நிம்மதி என்று தலைவர் ஸலாஹுதீன் ஹாஜியார் கண்டுபிடித்திருக்கிறார். அதில் பிழை சொல்ல முடியாது. எங்கள் பெற்றோர் நிம்மதியாகத்தான் இருந்தார்கள்.

என் பெயர் ஸுஹைறா. ஊர் பொத்துவில். வாப்பா அறுகம்பேயில் ஓட்டோ ஓடுகிறார். அலையில் விழுந்து முழங்காலில் கீறல் பட்ட வெள்ளைக்காரனைக்கூட எங்கள் ஆட்கள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, இந்தக் கல்லூரிக்கு வந்த முதல் கிழமையே எனக்கு இவர்களைப் பிடிக்காமல் போய்விட்டது.

இங்கே ஒரு வேன் இருக்கிறது. வெள்ளை வேன். இரண்டு பக்கமும் "மாணவர் நலன்புரி வாகனம்" என்று சின்னதாகவும், அன்பளிப்புச் செய்த ஹாஜியாரின் பெயர் பெரிதாகவும் எழுதியிருக்கும். சுகமில்லாத மாணவி அதில் போக வேண்டுமானால் முதல் நாள் பின்னேரமே எழுதிக் கேட்க வேண்டும். அதாவது நாளைக்கு எனக்குச் சுகமில்லாமல் போகும் என்று இன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் வாப்பாவோ கூடப்பிறந்த காக்காவோ, ஆம்பிளை ஒருவர் வந்து ஒப்பம் வைத்தால்தான் கேட் திறக்கும். நான் வந்த நாளிலிருந்து எந்த நோயாளியும் அந்த வேனில் ஏறியதை நான் பார்த்ததில்லை.

ஆனால் மவுத்து, அதாவது சாவு, என்றால் கதை வேறு. எங்கள் பக்கத்தில் மையத்தை, இறந்தவரின் உடலை, வைத்துக்கொண்டு காத்திருக்கும் வழக்கம் இல்லை. மதியம் லுஹருக்கு மவுத்தென்றால் பின்னேரம் அஸருக்கு அடக்கம். அதனால் ஜனாஸா என்ற சொல் காதில் விழுந்ததும் இந்தக் கல்லூரிக்கு உயிர் வந்துவிடும். ஒப்பம் கேட்க மாட்டார்கள், கடிதம் கேட்க மாட்டார்கள். வார்டனே கூட வருவார். எனக்கு அடுத்த கட்டில் பிள்ளையின் உம்மாவின் சாச்சி மவுத்தானபோது, அந்தப் பிள்ளை முகம் கழுவி வருவதற்குள் வேன் வாசலில் நின்றது. அந்தச் சாச்சியை அவள் இரண்டு தரம்தான் கண்டிருக்கிறாளாம்.

ஹாஜியாரும் ஒரு ஜனாஸாவைத் தவறவிட மாட்டார். ஊரில் யார் கண்ணை மூடினாலும் முன்வரிசையில் அவருடைய வெள்ளைத் தொப்பி தெரியும். அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறார் என்கிறார்கள். வாக்குப் போடுகிறவர்கள் உயிரோடிருக்கிறவர்கள் என்பதை அவருக்கு யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

இனி றிஸ்லாவின் கதைக்கு வருகிறேன். அவள் என் அறைத் தோழி. சாய்ந்தமருதுக்காரி. உம்மா குவைத்தில் வேலை செய்கிறார், வாப்பா ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போகும் பெரிய போட்டில் போகிறார். போனால் கிழமைக் கணக்கில் வர மாட்டார், போனும் எடுக்காது. அவளை வளர்ப்பது வாப்பாவின் தங்கச்சி ஹாஜறா மாமி. புருசன் மவுத்தாகிப் பிள்ளைகளும் இல்லாத மாமி, வீட்டோடு கோழிக் கடை வைத்திருக்கிறார். றிஸ்லாவுக்குப் பதினெட்டு வயதாக இன்னும் சில மாதங்கள் இருந்தன. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. வலித்தாலும் சொல்ல மாட்டாள். அதனால்தான் அன்றைக்குச் சுபஹுத் தொழுகைக்கு எழும்ப முடியாமல், "ஸுஹைறா, வயித்துக்குள்ள ஆரோ கத்தியப் போட்டுத் திருகிற மாதிரி இரிக்கி" என்று அவள் சொன்னபோது நான் பயந்துவிட்டேன்.

விடிந்ததும் வார்டன் நஸீறா மிஸ்ஸிடம் போனேன். அவர் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், றிஸ்லாவுக்கு ஏலாம இரிக்கி. வயித்துக்குத்து. ரெண்டு தரம் சத்தி எடுத்திட்டா."

"அடுத்த கிழமை சோதினைதானே?"

"ஓம் மிஸ்."

"அதான். படிக்காத புள்ளைகளுக்கு சோதினை வந்தா வயிறு குத்தும். இஞ்சித் தண்ணி குடிக்கச் சொல்லு."

"காய்ச்சலும் இரிக்கி மிஸ். கொஞ்சம் தைலமாவது தாங்க, நெத்தியில பூச."

"தைலம் சும்மா சும்மா குடுக்க ஏலா. முடிஞ்சா பொறகு ஆர் கணக்குச் சொல்ற?" என்றார் மிஸ். ஒரு போத்தல் கோடாலித் தைலத்துக்கு அவர் யாருக்குக் கணக்குச் சொல்லப் போகிறார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

பத்து மணிக்கெல்லாம் றிஸ்லாவால் காலை நீட்ட முடியவில்லை. வலது பக்கம் கையை வைத்தால் துடித்தாள். உதடு வெளுத்துவிட்டது. மறுபடியும் போனேன். இந்த முறை மிஸ் எழுந்து வந்து கதவடியில் நின்று பார்த்தார். உள்ளே வரவில்லை. தொற்று நோயோ என்ற பயமாக இருக்கலாம்.

"நடிப்புக் கொஞ்சம் கூடத்தான்," என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டா ஆம்பிளை ஒராள் வரட்டும். இவட வாப்பா எங்க?"

"கடல்ல மிஸ். இவக்கு மாமி மட்டும்தான் இரிக்கா."

"மாமி பொம்புள. பொம்புளைட ஒப்பத்துக்குப் புள்ளய விட ஏலா. சட்டமெண்டு ஒண்டு இரிக்கிதானே?"

இதைச் சொன்ன நஸீறா மிஸ்ஸும் பொம்புளைதான். நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்கு அவர் பொறுப்பாக இருக்கலாம், ஒரு பிள்ளைக்கு அவளுடைய மாமி பொறுப்பாக இருக்க முடியாது. இப்படி நினைப்பதற்கு நிறையப் படித்திருக்க வேண்டும்.

எங்கள் போன்களை வாரம் முழுக்கப் பூட்டி வைத்திருப்பார்கள். மிஸ் லுஹர் தொழப் போன நேரம் பார்த்து, விடுதிக் கந்தோரில் இருந்த போனில் அம்புலன்சுக்கு எடுத்தேன். மறுமுனையில் இருந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். வாகனம் புறப்படும்போது இதே இலக்கத்துக்குத் திருப்பி எடுப்பதாகச் சொன்னார். எனக்குப் பாதி உயிர் வந்தது. ஓடிப் போய் றிஸ்லாவிடம் சொல்லி, அவளுடைய அடையாள அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, மிஸ் யாரிடமோ பேசி முடித்துப் போனைக் கீழே வைத்தார்.

"ஆர் அம்புலன்சுக்கு எடுத்த? நீயா?"

"ஓம் மிஸ். வாறாங்களா?"

"வரத் தேவல்ல எண்டு சொல்லிட்டன். லேசான வயித்துக்குத்து, இப்ப சுகமெண்டு சொன்னன். போன வருசம் இஞ்ச ஒரு அம்புலன்ஸ் வந்து, ஆரோ படம் எடுத்து பேஸ்புக்கில போட்டு, ஹாஜியார் என்னை என்ன பேச்சுப் பேசினாரெண்டு ஒனக்குத் தெரியுமா? பேர் கெட்டா ஆரு புள்ளையள இஞ்ச சேர்ப்பாங்க?"

எனக்கு அந்த இடத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. கத்தினால் என்னை அறைக்குள் போட்டுப் பூட்டுவார், பிறகு றிஸ்லாவைப் பார்க்க யாருமில்லை. ஜவுபர் சேரிடம் ஓடினேன். வேனின் திறப்பு அவரிடம்தான் இருக்கும். அவர் மேசையில் தலையைக் குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நேற்று எழுதித் தந்திருந்தா இண்டைக்கு வேன் தந்திருப்பன் மகள்," என்றார் மிகுந்த அன்போடு. "பதறாதீங்க. அந்தப் புள்ளைய நல்லாத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க."

குடித்த தண்ணீரைத்தான் அவள் சத்தியாக எடுத்துக்கொண்டிருந்தாள் என்று நான் சொல்லி முடிக்கும் முன்னே அவர் மறுபடியும் போனுக்குள் போய்விட்டார்.

கென்டீனில் றாஸிக் காக்கா சட்டி கழுவிக்கொண்டிருந்தார். வேனை ஓட்டுவதும் அவர்தான். ஒரே ஆளுக்கு இரண்டு வேலை கொடுப்பதும் ஹாஜியாரின் கண்டுபிடிப்புத்தான். அவருடைய பரிப்பைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஊர்ப் புதினம் என்றால் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வரும் மனிதர். ஆனால் அன்றைக்கு நான் கேட்டதும் ஒரு கேள்வி கேட்காமல் தன் போனைத் தந்தார். ஹாஜறா மாமியின் இலக்கம் றிஸ்லாவின் கொப்பி அட்டையில் இருந்தது.

"மாமி, நான் றிஸ்லாட கூட்டாளி ஸுஹைறா." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"இந்தா வாறன் கா. ஓட்டோ பிடிச்சி வந்து கூட்டிக்கிட்டுப் போறன்."

"கேட்டைத் திறக்க மாட்டாங்க மாமி. ஆம்பிளை ஒராள் ஒப்பம் வெக்கணுமாம்."

"நான் எங்க கா போற ஆம்பிளைக்கு? அவர் மவுத்தாகி எத்தின வருசம். றிஸ்லாட வாப்பா, என்ட காக்கா, கடல்ல. றோட்டால போற ஒருத்தனைப் பிடிச்சிக்கிட்டு வரட்டா?" பின்னால் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. "அம்புலன்சையும் திருப்பிட்டாளா அவள்? வேன் ஒண்டு இரிக்கெண்டு றிஸ்லா சொன்னாளே. அது எதுக்குத்தான் கா ஓடும்?"

"மவுத்துக்கு ஓடும் மாமி."

மறுமுனையில் கடைக் கத்தியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் மவுத்தெண்டு சொல்லு."

"மாமி!"

"என்ன மாமி? நான்தானே கா மவுத்தாகிறன், ஒனக்கென்ன? அல்லாஹ் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தானே இரிக்கான். பாவமெண்டா என்ட கணக்கில எழுதட்டும். சுறுக்காப் போய்ச் சொல்லு. நான் கடையப் பூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு வாறன்."

போனை றாஸிக் காக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன். மவுத்தில் பொய் சொல்வது எங்களிடையே யாரும் நினைத்தும் பார்க்காத காரியம். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் றிஸ்லாவின் வெளுத்த உதடு அதைவிடப் பயமாக இருந்தது. றாஸிக் காக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். "நான் ஒண்டும் கேக்கல்ல," என்று சொல்லிவிட்டுக் கையைச் சாரத்தில் துடைத்தார்.

நஸீறா மிஸ்ஸின் முன்னால் போய் நின்றேன்.

"மிஸ், றிஸ்லாட மாமி மவுத்தாம்."

"இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி றாஜிஊன்!" மிஸ் எழுந்துவிட்டார். அவ்வளவு வேகமாக அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. "எப்பிடி? எப்ப?"

"நெஞ்சு வலியாம் மிஸ். இப்பத்தானாம்."

ஒரு கேள்வி, ஒரு சந்தேகம் வர வேண்டுமே? வரவில்லை. யார் சொன்னது, எந்தப் போனுக்கு வந்தது, ஒன்றும் கேட்கவில்லை. காலையிலிருந்து ஒரு பிள்ளையின் வயிற்று வலியை நம்பாதவர், முன்பின் பார்த்திராத ஒரு மாமியின் மவுத்தை ஒரு மூச்சில் நம்பினார். இடுப்பிலிருந்து திறப்பை உருவி, அலுமாரியைத் திறந்து, கோடாலித் தைலத்தை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கு ஓடினார். கதவடியில் நிற்கவில்லை. கட்டிலிலேயே இருந்து றிஸ்லாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அழு மகள், அழு. அழுதிட்டா லேசாகிடும்," என்று நெற்றியில் தைலத்தைத் தேய்த்தார்.

மிஸ்ஸிடம் போகும் முன்பே நான் றிஸ்லாவின் காதுக்குள் விசயத்தைச் சொல்லிவிட்டேன். அவளுக்கு விளங்கியதா தெரியாது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். காலையில் நடிப்பாக இருந்த அதே முனகல் இப்போது துக்கமாகிவிட்டது. "பாவம், தாங்க ஏலாம மயங்கிட்டா," என்று சொல்லி மிஸ் கண்ணைத் துடைத்தார். அந்தக் கண்ணீர் உண்மையானது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

ஜவுபர் சேர் திறப்போடு ஓடி வந்தார். நாங்கள் நாலு பேர் சேர்ந்து றிஸ்லாவைப் போர்வையோடு தூக்கி வேனில் படுக்க வைத்தோம். கேட் அகலத் திறந்திருந்தது. சேர் வாசலில் நின்றபடியே போனில் தட்டத் தொடங்கினார். கல்லூரியின் வாட்ஸ்அப் குழுமத்திலும் நாலைந்து ஊர்க் குழுமங்களிலும் ஜனாஸா அறிவித்தலை முதலில் போடுகிறவர் தானாக இருக்க வேண்டும் என்பது அவருடைய வாழ்க்கை இலட்சியம். வேன் புறப்படும் முன்னே போட்டுவிட்டார்.

வேனுக்குள் மிஸ் யாஸீன் ஓதிக்கொண்டு வந்தார். றாஸிக் காக்கா அந்த வேனை அவ்வளவு வேகமாக ஓட்டி நான் கண்டதில்லை. காரைதீவு போனது. சாய்ந்தமருது வந்தது. மாமியின் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சந்தியும் போனது.

"றாஸிக், திருப்பம் போயிட்டு!" என்றார் மிஸ்.

நான் றிஸ்லாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"மையத்து ஆஸ்பத்திரியிலதான் மிஸ் இரிக்காம்," என்றார் றாஸிக் காக்கா திரும்பிப் பார்க்காமலே. "இன்னம் எடுத்துக் குடுக்கல்லியாம்." பொய் சொல்வதில் அந்த மனிதருக்கு இருந்த கைப்பக்குவம் சமையலில் இருந்திருந்தால் நாங்கள் எல்லாரும் கொழுத்திருப்போம்.

வேன் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றது. நான் குதித்து இறங்கித் தள்ளுவண்டியோடு நின்றவரைக் கூப்பிட்டேன். றிஸ்லாவை இறக்கி உள்ளே கொண்டு போனார்கள். மிஸ் அப்போதும் ஓதி முடிக்கவில்லை. முடித்துவிட்டு இறங்கி வந்து, "மையத்து எங்க?" என்று கேட்டார்.

"மையத்து இல்ல மிஸ். றிஸ்லாவைத்தான் கொண்டு வந்த நாங்க."

அவர் முகம் மாறிய விதத்தை நான் மறக்க மாட்டேன். ஒரு உயிர் போகவில்லை என்று கேட்டால் மனிதர்களுக்குச் சந்தோசம் வரும். இவருக்கு ஏமாற்றம் வந்தது. "மவுத்துல பொய் சொன்னியா? நீ முஸ்லிம்தானா?" என்றார். உள்ளே திரை இழுக்கும் சத்தம் கேட்டது, என் காது அங்கேதான் இருந்தது.

இதற்கிடையில் ஸலாஹுதீன் ஹாஜியார் அறிவித்தலைப் பார்த்துவிட்டு, வெள்ளைத் தொப்பியும் அத்தர் வாசமுமாகத் தன் டபல்கெப் வண்டியில் மாமியின் வீட்டுக்குப் போய்விட்டார். படம் எடுக்க ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டுதான் போனார். அயலிலிருந்தும் ஆட்கள் வந்து வாசலில் கூடிவிட்டார்கள். மாமி கடையைப் பூட்டி, கோழிகளுக்குத் தண்ணீர் வைத்து, கையில் பையோடு கதவைத் திறந்து வெளியே வந்தாராம்.

"ஆருட மையத்துக்கு வந்தீங்க?" என்று கேட்டாராம் மாமி.

"ஹாஜறா உம்மாட..." என்று ஹாஜியார் இழுத்தாராம்.

"அது நான்தான். சும்மா நிக்காதீங்க, அந்த வாகனத்தில என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு விடுங்க. ஓட்டோ ஒண்டையும் காணல்ல."

இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஹாஜியாரால் மறுக்க முடியவில்லை. இப்படித்தான் ஹாஜறா மாமி, தன்னுடைய ஜனாஸாவுக்கு வந்தவரின் டபல்கெப்பிலேயே முன் இருக்கையில் இருந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். ஹாஜியார் பின்னால் இருந்து இறங்கியபோது முகம் கருகிய தோசைபோல் இருந்தது. மாமி யாரையும் பார்க்கவில்லை. "புள்ள எங்க கா?" என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் டொக்டர் வெளியே வந்தார். இளவயதுப் பெண். கண்ணில் தூக்கம் இருந்தது, பேச்சில் இருக்கவில்லை.

"அப்பெண்டிக்ஸ். வெடிக்கிற நிலையில இருக்கு. உடனே தியேட்டருக்கு எடுக்கணும். பிள்ளைக்குப் பதினெட்டு ஆகல்ல, பெரியாக்கள் ஒருத்தர் ஒப்பம் வைக்கணும். ஆர் இருக்கிறீங்க?"

"வாப்பா கடலுக்குப் போயிரிக்கார் டொக்டர்," என்று நஸீறா மிஸ் முந்திக்கொண்டார். "ஆம்பிளை எண்டு ஒருத்தரும் இல்ல..."

"ஆம்பிளை எதுக்கு?" என்றார் டொக்டர். அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. மாமியைப் பார்த்தார். "நீங்க ஆர் அம்மா?"

"நான் மாமி. வளக்கிறது நான்தான்."

"இதில வையுங்க."

மாமி வாங்கினார், சுவரில் வைத்து ஒப்பம் போட்டார், கொடுத்தார். ஒரு தும்மல் போடும் நேரம்கூட ஆகவில்லை. காலையிலிருந்து நான் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டது இவ்வளவுதான். ஹாஜியார் கூரையைப் பார்த்தார். மிஸ் தன் கைப்பையைத் திறந்து மூடினார்.

தள்ளுவண்டியில் றிஸ்லாவைக் கொண்டு போகும்போது மாமி கூடவே ஓடி அவளுடைய நெற்றியைத் தடவினார். "நான் இரிக்கன் கா, கிளி. நான் மவுத்தாகல்ல," என்றார். கதவு மூடியதும் சுவரில் சாய்ந்து அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அதுவரைக்கும் அழாதவர் அப்போது அழுதார்.

அந்தக் கதவு மூடியிருந்த நேரம் முழுக்க ஹாஜியார் என்னை ஏசினார். கல்லூரியின் மானம், தன் மானம், மார்க்கம், நம்பிக்கை என்று ஒவ்வொன்றாக எடுத்தார். ஊரெல்லாம் சிரிக்கிறதாம். படம் எடுத்தவன் அதை யாருக்கோ அனுப்பியும்விட்டானாம். திங்கட்கிழமை வாப்பாவோடு விசாரணைக்கு வர வேண்டும், இனி இந்தக் கல்லூரியில் எனக்கு இடமில்லை என்றார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது, உள்ளே இருக்கிற பிள்ளைக்கு எப்படி என்று கேட்பார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்கவில்லை. டிப்ளோமா முடிய இன்னும் ஒரு தவணைதான் இருந்தது. அது போய்விடுமே என்ற கவலை எனக்கு இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த மனிதர் முன்னால் தலையைக் குனிய என்னால் முடியவில்லை. அவரைப் பார்க்கப் பார்க்க, மீன் சந்தையில் மூக்கைப் பொத்துவதுபோல் பொத்திக்கொள்ள வேண்டும் என்றுதான் தோன்றியது.

"மக்ரிபுக்கு முதல் விடுதிக்குப் போகணும், ஏறு வேன்ல," என்றார் நஸீறா மிஸ்.

"நான் வரல்ல மிஸ்," என்றேன்.

"அவ என்னோட நிக்கட்டும்," என்றார் மாமி நிலத்தில் இருந்தபடியே. "ஒங்களுக்கு வேணுமெண்டா நான் மவுத்தெண்டே எழுதி வெச்சிக்குங்க. அதுக்கும் ஆம்பிளைட ஒப்பம் எடுத்துக்குங்க."

அவர்கள் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் டொக்டர் வந்து முகமூடியைக் கழற்றினார். "நல்லாயிருக்கிறா. ராத்திரி வரைக்கும் வெச்சிருந்தீங்க எண்டா எங்களால ஒண்டும் செய்ய ஏலாமப் போயிருக்கும்," என்றார். மாமி இரண்டு கையையும் ஏந்தினார். நானும் அவர் பக்கத்தில் குந்திக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் றிஸ்லாவுக்குக் கண் நன்றாகத் தெளிந்துவிட்டது. மாமி கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தார். போனை என்னிடம் தந்துவிட்டுப் போனார். இரவு முழுக்க அவருடைய வேலை, தன்னுடைய மவுத்துக்கு யார் யார் துஆக் கேட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான். "கண்டா ஸலாம் சொல்லாததுகளெல்லாம் எனக்குச் சுவர்க்கம் கேட்டிரிக்கிதுகள் கா," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தக் குழுமத்தில் ஜவுபர் சேர் புதிதாக ஒன்று போட்டிருந்தார். நான் அதை றிஸ்லாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"முன்னர் அறிவிக்கப்பட்ட ஹாஜறா உம்மா அவர்களின் ஜனாஸா நல்லடக்கம் நடைபெற மாட்டாது என்பதை மிகுந்த மனவருத்தத்துடன் அறியத்தருகின்றோம். மாணவர் நலன்புரிப் பிரிவு."

றிஸ்லா சிரிக்கத் தொடங்கி, தையல் இழுக்க, வயிற்றைப் பொத்திக்கொண்டாள். "சிரிக்க வெக்காத, நோகுது." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "என்னைப் பத்தி என்ன போட்டிரிக்காங்க?"

நான் தேடினேன். மேலே போனேன், கீழே வந்தேன். கல்லூரிக்குக் கெட்ட பெயர் ஏற்படுத்திய மாணவிமீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஒன்று இருந்தது, அது நான். அதற்குப் பிறகு வேறு யாரோ ஒருவரின் ஜனாஸா அறிவித்தல் வந்துவிட்டது.

"ஒண்டும் போடல்ல," என்றேன்.

அவள் நம்பாமல் போனை வாங்கி, ஊசி ஏற்றாத கையால் தானே தள்ளிப் பார்த்தாள். கடைசி வரைக்கும் பார்த்தாள். போனைத் திருப்பித் தந்துவிட்டு யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் மவுத்தாகியிரிந்தா போட்டிருப்பாங்க, என்ன?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன். "ஹாஜியாரும் முதல் ஆளா வந்து நிண்டிருப்பார்."